ஆனைப் படமும் அடையாள அட்டையும்

படம் கீறுகிறவனுக்கு நல்ல கையும் நல்ல கண்ணும் வேண்டும் என்பார்கள். யுத்த காலத்துக் கொழும்பில் தமிழனாக இருந்து படம் கீறியவனுக்கு நல்ல நெஞ்சும் வேண்டியிருந்தது. நான் இருந்தது வெள்ளவத்தையில். அருகிவரும் மிருகங்களையும் அவற்றின் காடு குளங்களையும் நாடு முழுவதும் எப்படிக் காப்பாற்றுவது என்று திட்டம் போடுகிற ஒரு கந்தோரில் வேலை. ஆனை எங்கே நடக்கும், கரடி எங்கே கிடக்கும், கடற்பசு எங்கே மேயும் என்று படத்தில் குறிப்பது என் பாடு. ஐசி என்கிற அடையாள அட்டை சட்டைப் பையில் இருக்கிறதா என்று பத்துத் தரம் தடவிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனவர்களே, உங்களுக்கு என் பயத்தை விளக்கத் தேவையில்லை.

வெள்ளை இடம்

தெற்கு, மலைநாடு, கிழக்கின் பாதி எல்லாம் நிறைந்துவிட்டன. வவுனியாவுக்கு மேலே படம் வெறும் வெள்ளை. சண்டை நடக்கிற வன்னி அது, அங்கே போய்க் கணக்கெடுக்க ஒருவராலும் முடியாது. எங்கள் பணிப்பாளர் சிங்களவர், நல்ல மனுசன், ஆனால் களைத்துப்போயிருந்தார். மாதக் கடைசிக்குள் ஏதாவது கிடைத்தால் போடு, இல்லாவிட்டால் ‘தகவல் இல்லை’ என்று எழுதி அச்சுக்கு அனுப்புவோம் என்றார்.

ஒளிப்பானேன், எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு தமிழன் தன் மேசையில் வன்னிப் படத்தை விரித்து வைத்திருப்பது என்ன விளையாட்டா? அப்போது கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிற எங்கள் தட்டச்சாளர் பிலோமினா அக்கா, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “வெள்ளையா விட்டா, நாளைக்குச் சண்டை முடிஞ்சு ரோட்டுப் போட வாறவன் அங்க ஒரு உயிரும் இல்லையெண்டெல்லோ நினைப்பான்.”

லொட்ஜில் கணக்கெடுப்பு

காட்டுக்குப் போக முடியாவிட்டால் காட்டால் வந்தவர்களிடம் கேட்கலாம். வெள்ளவத்தை லொட்ஜுகளில் அப்போது வன்னியிலிருந்து வந்த சனம் நிறைந்திருந்தது. பாஸ்போட்டுக்கும் விசாவுக்கும் காத்துக்கொண்டு ஓர் அறைக்குள் ஆறு பேர், ஏழு பேர். வழக்கமான கணக்கெடுப்புப் படிவத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

அந்தப் படிவம் காட்டு உத்தியோகத்தர்களுக்காகப் போட்டது. முதற்கேள்வி, எந்தப் பாதையால் வந்தீர்கள்? இரண்டாவது, வழியில் கண்ட தொகை எவ்வளவு, கூட்டமா தனியா? மூன்றாவது, எந்தத் திசையில் நடமாட்டம்? என்ன மிருகம் என்று கேட்பது நாலாவதில்தான். பழக்க தோஷம், நான் ஒழுங்குப்படியே வாசித்தேன். மூன்றாம் கேள்வியோடு ஒருவர் எழும்பிப் போய் ஜன்னலால் கீழே ஜீப் நிற்கிறதா என்று பார்த்தார். என் மடத்தனம் எனக்கு உறைக்க முதலே, பிள்ளையை மடியில் வைத்திருந்த கிளிநொச்சிப் பக்கத்துப் பெண் கும்பிடாத குறையாகச் சொன்னார்: “தம்பி, சத்தியமாச் சொல்லுறன், வாற வழியில ஆனையைத் தவிர வேற ஒருத்தரையும் நாங்கள் காணேல்லை.”

கடலும் ஒரு நானாவும்

விஷயத்தை விளக்கிய பிறகு சனம் அள்ளி அள்ளிச் சொன்னது. ஒரு கிழமையில் என் கொப்பி நிறைந்தது. மன்னார்க் கடல் மட்டும் மிச்சம். புறக்கோட்டை மீன் சந்தையில் மன்னாரிலிருந்து வந்த முஸ்லிம் நானா ஒருவர் மொத்த வியாபாரம் செய்தார். கடற்பசுவைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமல்லவா, நான் ஆள் பிடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான் படத்தை விரித்துக் காட்டிக் கெஞ்சினேன். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: “நான் அதக் கண்ணால கண்டதே இல்ல தம்பி, ஆனா எங்க எங்க மேயுதெண்டு வேணுமெண்டாச் சொல்றேன்.”

தகரக் குழாய்

வேலை முடியாததால் படத்தை ஒரு தகரக் குழாயில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் வருவேன். அந்தக் குழாயோடு பஸ்ஸில் ஏறினாலே பக்கத்துச் சீற்காரர் எழும்பிவிடுவார். ஒருநாள் காலமை பம்பலப்பிட்டியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் குழாயைத் தூரத்தில் வைக்கச் சொன்னான். பிறகு நானே திறக்கவேண்டும் என்றான். விரித்தேன். வன்னி முழுக்கச் சிவப்புப் புள்ளிகள்.

எனக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் மறந்துவிட்டது. “அலி, அலி” என்று மட்டும் வந்தது. ஆனைகள் என்று அர்த்தம். அவன் துவக்கைத் தோளில் மாட்டிவிட்டுக் குனிந்தான். விரல் வன்னிக்குப் போகவில்லை. கீழே இறங்கி அநுராதபுரத்தைச் சுற்றிச் சுற்றித் தேடியது. பிறகு கோபமாகச் சிங்களத்தில் கேட்டான்: “எங்கட ஊருக்கு ஏன் புள்ளி போடேல்லை? போன மாசமும் ஆனை வந்து எங்கட குசினிச் சுவரை இடிச்சது!”

பொலிஸ் வாங்கு

அதற்கடுத்த ஞாயிறு எங்கள் ஒழுங்கையில் பொலிஸ் வீடு வீடாகச் சோதனை. அலுமாரியில் கொப்பி அகப்பட்டது. எங்கள் வேலையில் ஒரு வழக்கம் இருந்தது. மிருகத்தின் பெயரை முதற்பக்கத்தில் ஒருதரம் எழுதுவோம். பிறகு இருபது பக்கமானாலும் தொகை மட்டும்தான். அவர்கள் திறந்தது நடுப்பக்கத்தை. “பெரிசு 9. சின்னன் 3. குளத்துக்கு மேற்கே தங்கல். விடியமுன் நகர்வு.” தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் அதைச் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, இன்ஸ்பெக்டரின் முகம் இறுகியது.

பொலிஸுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மர வாங்கில் மூன்று மணித்தியாலம் உட்கார்ந்திருந்தேன். பயந்தேன் என்று சொன்னால் போதாது. குடிக்கத் தந்த தண்ணீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன். இப்படி வாங்கில் இருந்து திரும்பி வராதவர்களை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மனைவி தொலைபேசிக் கடைக்கு ஓடிப் பணிப்பாளரைப் பிடித்திருந்தாள். அவர் வீட்டில் கட்டியிருந்த சாரத்தோடேயே காரை எடுத்து வந்து, கொப்பியின் முதற்பக்கத்தைத் திருப்பி, பெரிதாக ‘ஆனை’ என்று எழுதியிருந்ததைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் என்னையும் கொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். கொப்பியை நீட்டிச் சொன்னார்: “வீட்டை போ. இனி ஒவ்வொரு பக்கத்திலும் ஆனை எண்டு எழுது.”

பிளேட்

ஒருவழியாக வடக்கு நிறைந்தது. படம் மேலிடத்து அனுமதிக்குப் போனது. பத்து நாள் சோறு இறங்கவில்லை. திரும்பி வந்தபோது ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. ஆனையும் கரடியும் கடற்பசுவும் அப்படியே இருந்தன. ஒரேயொரு நிபந்தனை. பாதுகாப்புக் காரணத்தால் வவுனியாவுக்கு வடக்கே ரோட்டு, குளம், ஊர்ப்பெயர் ஒன்றும் இருக்கக்கூடாது.

மைக் கோட்டைச் சவரப் பிளேட்டால் சுரண்டித்தான் அழிப்போம். இரண்டு நாள் குனிந்திருந்து ஊர் ஊராகச் சுரண்டினேன். படம் சேர்ந்த திட்டப் புத்தகம் அச்சாகி வந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி முல்லைத்தீவுப் பக்கத்தவள். அவளுடைய தாய் அப்போதும் அங்கேதான். நாலு மாதமாகக் கடிதம் இல்லை. பெருமையாகப் படத்தை விரித்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் கரையோரமாக மேலும் கீழும் தேடினாள். பிறகு என்னைப் பார்த்தாள்: “ஆனையெல்லாம் இருக்கு. எங்கட ஊர் எங்கையப்பா?”

ஆபத்திலிருந்த உயிர்களுக்கெல்லாம் இடம் ஒதுக்கிக்கொடுத்த இந்த உத்தியோகத்தனுக்கு, மாமி இருந்த ஊருக்கு ஒரு புள்ளி வைக்க மட்டும் அனுமதி இருக்கவில்லை.