நேரில் கண்டதும் விசாரித்து அறிந்ததும்

என் மனைவியின் சைக்கிளை விற்றுவிட வேண்டும் என்பது எங்கள் மகளின் உத்தரவு. விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வந்தவள், முந்தைய மாதம் திருச்செந்தூர் சாலையில் ஓர் ஆட்டுக்கு ஒதுங்கப் போய் அம்மா விழுந்த செய்தியைப் பக்கத்து வீட்டில் விசாரித்துத் தெரிந்துகொண்டாள். முழங்காலில் தையல் போட்ட தழும்பைப் பார்த்தாள். அறுபத்திரண்டு வயதில் இதெல்லாம் எதற்கு என்றாள்.

மனைவி முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். யாரிடம் எப்படிப் பேரம் பேசவேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"மணிமுத்தாறு அணையிலேர்ந்து அருவி வரைக்கும் மிதிச்சே ஏறுதேன். ஒரு எடத்துல தள்ளிக்கிட்டுப் போனாலும் சைக்கிள நானே யாருக்காவது குடுத்துருதேன்."

மகள் யோசித்தாள். "அப்பா கூடவே போய்ப் பாத்து எழுதிக் குடுக்கட்டும். அப்பா பொய் எழுத மாட்டாவ."

முப்பத்து நான்கு வருடம் அரசு அலுவலகத்தில் சான்றிதழ் எழுதிய எனக்கு இது பாராட்டா, கட்டளையா என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஒப்புக்கொண்டேன்.

பங்குனி வெயிலுக்குப் பயந்து பாளையங்கோட்டையிலிருந்து ஆளுக்கொரு சைக்கிளில் விடியுமுன் கிளம்பினோம். சேரன்மகாதேவி தாண்டும்போது வெளுத்தது. கல்லிடைக்குறிச்சியில் இட்லி தின்றோம். வாய்க்கால் ஓரமாக வந்த வரைக்கும் காற்று குளிர்ச்சியாக இருந்தது. அப்புறம் வயல் முடிந்தது, குளிர்ச்சியும் முடிந்தது. அணைக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்து. பாறையெல்லாம் அதற்குள் சூடேறிவிட்டது.

இரவு தங்குவதற்கு அணைக்குக் கீழே ஒரு தென்னந்தோப்பு ஏற்பாடாகியிருந்தது. தோப்புக்காரர் மேலப்பாளையத்து வியாபாரி, பழைய பழக்கம். நாலு மணிக்கு மேல் வருவேன், அங்கே கூடாரம் போட்டுக்கொள்ளுங்கள் என்று போனில் சொல்லியிருந்தார். தோப்பில் பம்புசெட் கொட்டகை திறந்தே கிடந்தது.

"சாமானையெல்லாம் இங்கன வச்சிட்டுப் போவோம்" என்றாள் மனைவி.

"உரியவர் வரல. யார் பொறுப்புல வைக்க?"

"தென்ன மரத்துப் பொறுப்புல."

அடுத்தவர் இடத்தில், ஒப்படைக்க ஓர் ஆள் இல்லாமல், பொருளை வைத்துவிட்டுப் போவது முறையல்ல. பிறகு ஒன்று குறைந்தால் யாரையும் கேட்க முடியாது. ஆகவே கூடாரம், இரண்டு பாய், அடுப்பு, பாத்திரம் எல்லாம் என் சைக்கிளிலேயே இருந்தன. சோதனைக்கு உட்பட்டவர் சுமை தூக்கக்கூடாது என்று நானே முடிவு செய்திருந்ததால், அவளிடம் ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும். பார்வையிடுபவர் பின்னால் வந்தால்தான் முன்னால் போகிறவர் முழுதாகக் கண்ணில் படுவார் என்பதும் என் முடிவுதான்.

வனச் சோதனைச் சாவடியில் அனுமதிக் கடிதம், அதன் நகல், இருவரின் அடையாள அட்டை நகல்கள் எல்லாவற்றையும் எடுத்து நீட்டினேன். காவலர் கடிதத்தை மட்டும் பார்த்துவிட்டு, "கொரங்குக்குத் தீனி போடாதீய" என்றார்.

முதல் மூன்று வளைவுகள் வரை எல்லாம் முறைப்படி நடந்தது. அவள் கியரைக் குறைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், வகுப்புக்குப் போகிற நடையில் மிதித்தாள். தார் இளகி டயரில் ஒட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. நாலாவது வளைவில் என் தொடை இரண்டும் வேலையை நிறுத்திக்கொண்டன. முன்னறிவிப்பு எதுவும் இல்லை. இறங்கினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வளைவு அவளை மறைத்துவிட்டது.

அங்கிருந்து அருவி வரை நான் தள்ளிக்கொண்டு வந்தேன். அடுப்பும் பாத்திரமும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன. வெயில் பிடரியில் உட்கார்ந்திருந்தது. மஞ்சோலையிலிருந்து இறங்கிய பேருந்து என்னருகே வேகம் குறைந்தது. நடத்துநர் தலையை நீட்டினார்.

"அண்ணாச்சி, மேல ஒரு அம்மா சைக்கிள் மிதிக்குதாவளே, ஒங்க ஆளா?"

"ஆமா. இறங்கித் தள்ளுதாளா?"

"அவிய எங்க தள்ளுதாவ? நீங்கதான் இங்கன தள்ளுதிய. பைய வாங்க."

பேருந்தில் யாரோ சிரித்தார்கள். அதைப் பதிவுக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

அருவிக்கு வந்தபோது அவள் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்திருந்தது, மூச்சு நிதானமாக இருந்தது. கோடையிலும் விழுகிற தண்ணீரின் சத்தத்தில் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தது.

"தள்ளிக்கிட்டா வந்தீய?"

"அது இப்ப விசாரணைல இல்ல. நீ தள்ளினியா?"

"நீங்க பாக்கலியா?"

"மூணாவது வளைவுக்கு அப்புறம் பாக்கல."

"அப்ப என்ன எழுதுவீய?"

அதுதான் கேள்வி. பாராததைப் பார்த்தேன் என்று நான் எழுதியதில்லை. நடத்துநர் பார்த்தது ஒரு வளைவு மட்டும். எழுதாவிட்டால் சைக்கிள் போய்விடும். அவள் அதைப் பற்றி ஒன்றும் கெஞ்சவில்லை. கைக்குட்டையை நனைத்து என் பிடரியில் போட்டாள். பிறகு அவளாகவே சொன்னாள்.

"பாலத்துக்கிட்ட ஒரு தடவ காலு ஊன்னேன். தண்ணி குடிக்க. தள்ளல. அதையும் எழுதிக்கிடுங்க."

எத்தனையோ விசாரணை நடத்தியிருக்கிறேன். கேட்காமலேயே தனக்கு எதிராக ஒரு சின்ன விஷயத்தைச் சொல்கிறவர் மற்றதில் பொய் சொல்வதில்லை. இது எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது. ஆனால் நான் அதிகமாக நம்பியது இதைத்தான்.

"சந்தேகம்னா நாளைக்குக் காலைல இன்னொரு தடவ ஏறுவோம். நீங்க முன்னால போங்க" என்றாள்.

அந்த ஆலோசனையைப் பரிசீலித்தேன். என் தொடைகளோடும் கலந்தாலோசித்தேன். தேவையில்லை என்று முடிவாயிற்று.

மாலையில் தோப்புக்காரர் வந்தார். காலையில் நாங்கள் சாமானை வைக்காமல் போன காரணத்தைக் கேட்டு, "இந்தக் கொட்டகைக்குக் கதவே கெடையாதே அண்ணாச்சி, களவு போவ என்ன இருக்கு?" என்றார். மனைவி என்னைப் பார்க்காமல் வெங்காயம் நறுக்கினாள். இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு அவர் போனார். கூடாரம் அடித்தோம். வெளிச்சம் இருக்கும்போதே மகளுக்குப் போனில் எழுதி அனுப்பினேன்.

"அணை முதல் மூன்றாம் வளைவு வரை மிதித்தே ஏறியதை நேரில் கண்டேன். அதற்கு மேல் அருவி வரை, விசாரித்து அறிந்த வகையில், ஓரிடத்திலும் தள்ளவில்லை. தண்ணீர் குடிக்க ஒருமுறை கால் ஊன்றியது நிபந்தனையை மீறியதாகாது. சைக்கிள் உரியவரிடமே இருக்கலாம்."

உப்புமா இறங்கும்போது பதில் வந்தது. "சரி. அம்மா வச்சிக்கிடட்டும். மூணாவது வளைவுக்கு மேல நீங்க ஏன் நேர்ல பாக்கல?"

மனைவி எட்டிப் படித்தாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, நான் என்ன எழுதுகிறேன் என்று காத்திருந்தாள்.

அந்தக் கேள்விக்கும் இந்தக் கோப்புக்கும் தொடர்பில்லை என்று எழுதி அனுப்பிவிட்டு, தட்டை நீட்டினேன்.