நெட் வாங்கிய ஆறு முட்டை

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இது எனக்கே நடந்தது. இன்றைக்கும் எனக்குப் பேயின் மேல் கோபமில்லை, மனிதர்கள் மேல்தான்.

இங்கிலாந்தில் எங்கள் ஆல்டர்ஷம் ஊரின் வியாழக்கிழமைச் சந்தைக்கு ஒரு பழைய விதி உண்டு. மாலை நான்கு மணிக்கு மணியடிப்பதற்குள் ஒரு வியாபாரமாவது நடக்க வேண்டும். மணியடித்ததும் விற்றவர், வாங்கியவரின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் சந்தை உரிமை போய்விடும். ஊர் பெருகப் பெருக, அந்த இடத்தில் அடுக்குமாடி கட்ட ஒரு கம்பெனி நாக்கைத் தொங்கப்போட்டுக் காத்திருந்தது. வாடகையை ஏற்றிக் கடைகளை விரட்டினார்கள். மிஞ்சியது முட்டை விற்கும் நானும் பாலாடைக்கட்டி விற்கும் நெட் ஹாப்வுட்டும்தான். அவரிடம் நான், என்னிடம் அவர் என்று மாற்றி மாற்றி வாங்கியே சந்தையை உயிரோடு வைத்திருந்தோம்.

அந்த டிசம்பர் வியாழன் நெட் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. பனி கொட்டியது. ‘சந்தையைக் காப்பாற்றுவோம்’ என்று ஊர்வலம் போனவர்களே சூப்பர்மார்க்கெட் பைகளோடு என்னைக் கடந்து போனார்கள். வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன்.

"அங்கேயே வாங்கிட்டேனே, மேவிஸ்..."

டிசம்பர் என்பதால் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிட்டது. கம்பெனி ஆள் கிளைவ் கார்க் கண்ணாடியை இறக்கினான்.

"என்ன மேவிஸம்மா, உங்க கோழிங்களே வந்து வாங்கினாத்தான் உண்டு போல!"

"வாய மூடுடா."

மூன்று ஐம்பத்தைந்து.

சரக்... சரக்... பனியில் நடக்கும் சத்தம்.

நெட்!

"ஆறு முட்டை குடு மேவிஸ். சீக்கிரம்."

"எங்கய்யா போய்த் தொலைஞ்ச?"

குளிரில் என் வாயிலிருந்து ஆவி வந்தது. அவர் வாயிலிருந்து வரவில்லை. கோட்டிலும் ஒரு துளி பனி இல்லை.

காசைக் கொடுத்தபோது விரல் பட்டது. அப்படி ஒரு குளிர்...

டாங்... டாங்...

"ஆறு முட்டை! வாங்கினது நெட் ஹாப்வுட்!" சந்தோஷத்தில் கத்தினேன்.

திரும்பினேன்.

யாருமில்லை.

மேசைக்கு முன்னால் பனி கலையாமல் கிடந்தது...

மறுநாள்தான் தெரிந்தது. நெட் அந்த வியாழன் விடியற்காலையிலேயே படுக்கையில் இறந்துபோயிருந்தார்.

"செத்தவன் வாங்கினா அது வியாபாரமா?" என்று கிளைவ் சிரித்தான். நகரசபையும் தலையாட்டியது. சொன்ன பெயரை மாற்ற விதியில் இடமில்லையாம். சந்தை முடிந்தது. இப்போது அங்கே ஆறு மாடி. ஊர்வலம் போனவர்களில் இரண்டு பேர் அதில் வீடு வாங்கியிருக்கிறார்கள். நன்றாக இருக்கட்டும்!

அடக்கத்தன்று நெட்டின் தங்கை ஈனிட் என்னைத் தனியாக இழுத்துப் போனாள்.

"மேவிஸ், வீடு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. வியாழக்கிழமை ராத்திரி கதவ உடைச்சுத்தான் உள்ள போனோம். சமையல் மேசைல ஆறு முட்டை இருந்துச்சு. ஓட்டு மேல அன்னிக்குத் தேதி, உன் பென்சில் எழுத்து..."

அந்தத் தேதியை நான் எழுதியது அந்த வியாழன் காலை, சந்தையில் வைத்து.