ஓதல் மட்டும் வந்த நாட்கள்

கரும்பலகையில் 'ஐன்' என்ற அரபி எழுத்தை எழுதிக்கொண்டிருந்தேன். தொண்டையின் நடுவிலிருந்து எழும்ப வேண்டிய எழுத்து. பிள்ளைகளுக்கு லேசில் பிடிபடாது. சாக்பீஸ் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தேன். கை நீண்டது, விரல்கள் மூடவில்லை. உஸ்தாத் விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். "ஒன்றுமில்லை, உட்காருங்கள்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். கன்றைத் தேடும் மாட்டின் சத்தம் போல ஒன்று வெளியே வந்தது. சிரிப்பு அடங்கிவிட்டது. பிறகு தரைதான் எனக்கு நினைவிருக்கிறது. சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி இடது கன்னத்தில் தெரிந்தது, முகத்தைத் திருப்பியபோது வலது கன்னத்தில் தெரியவில்லை.

தென்காசிப் பக்கத்தில் பிறந்து, அரபிக் கல்லூரியில் ஓதி முடித்து, வாலிபத்திலேயே திருவனந்தபுரத்துக்கு வந்தவன் நான். கிழக்கேகோட்டைக்குப் பின்னால் ஒரு சின்னப் பள்ளிவாசல், அதன் மாடியில் மதரசா. பள்ளிக்கூடம் போவதற்கு முன் பிள்ளைகள் வந்து ஓதிவிட்டுப் போவார்கள். பாதிப் பேர் இந்த ஊர் மலையாளப் பிள்ளைகள். மீதிப் பேர் தம்பானூர் ஹோட்டல்களிலும் சாலைக் கடைத்தெருவிலும் வேலை பார்க்கும் நம் பக்கத்து ஆட்களின் பிள்ளைகள். அதனால் அர்த்தத்தை இரண்டு மொழியிலும் சொல்வேன். என் மகளுக்குத் தமிழ் எழுத்தும் அந்தப் பலகையில்தான் கற்றுக்கொடுத்தேன். அவள் படித்ததெல்லாம் மலையாளம். பேசுவதுதான் என் பிழைப்பு. வேறு எந்த வேலையும் எனக்குத் தெரியாது.

பக்கவாதம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் எனக்கு எல்லாம் புரிந்தது, அதுதான் கொடுமை. நர்சுகள் பேசுவது, பக்கத்துக் கட்டில்காரர் இருமுவது, மனைவி மூக்கைச் சிந்துவது, எல்லாம் தெளிவாகக் கேட்டது. நாக்கு வறண்டு கிடந்தது. தண்ணீர் கேட்க வேண்டும். 'தண்ணீர்' என்ற சொல் எனக்குத் தெரியும். அது மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பது போல நின்றது. வாயைத் திறந்தால் "ப... ப..." என்று மட்டும் வந்தது. மனைவி தலையணையைச் சரி செய்தாள். போர்வையை இழுத்துவிட்டாள். "ஏங்க, படுக்கணுமா?" என்று கேட்டாள். நான் இடது கையால் கட்டில் கம்பியில் அடித்தேன். அவள் பயந்துபோய் நர்சைக் கூப்பிட ஓடினாள்.

அன்றைக்கு மதியம் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே இருந்த இடத்தில் அவள் தொழுகைக்கு நின்றாள். நானும் படுத்தபடியே மனசுக்குள் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினேன். அப்போது என் வாயிலிருந்து குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூரா வந்தது. முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை ஒரு எழுத்துப் பிசகவில்லை, ஒரு நீட்டல் குறையவில்லை. என் பழைய குரல்தான். மனைவி தொழுகையை விட்டுவிட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"பேச்சு வந்திருச்சு! ஏங்க, பேச்சு வந்திருச்சு! என் பேரைச் சொல்லுங்க பாப்போம்."

அவள் பெயரைச் சொல்லப் போனேன். "ப... ப..."

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டர் ஒரு சின்னப் பெண். அவர்தான் விளக்கினார். "சின்னப் பிராயத்திலே மனப்பாடமா படிச்சதல்லே? பாட்டு, பிரார்த்தனை எல்லாம் மூளையில வேறெ பாகத்துல இருக்கும். நாமளா யோசிச்சு சம்சாரிக்கறது, பேசறது, வேறெ பாகம். கேடானது அதாக்கும். சிலர்க்கு இப்படி உண்டு, அற்புதம் ஒண்ணும் இல்ல."

அற்புதம் இல்லை என்று அவர் சொன்னதை என் மனைவியும் மகளும் கேட்டார்கள். வேறு யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த வாரத்திலேயே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். உலகத்துப் பேச்சையெல்லாம் இறைவன் இந்த மனுஷனிடமிருந்து எடுத்துவிட்டான், தன் பேச்சை மட்டும் விட்டுவைத்திருக்கிறான் என்று ஒருவர் சொன்னாராம். அது கடைத்தெரு முழுக்கப் பரவிவிட்டது. தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து என் முன் வைத்து, "ஓதி ஊதித் தாங்க" என்பார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, நெற்றியில் சந்தனம் இட்டவர்கள் வந்தார்கள், கழுத்தில் சிலுவை போட்ட நாகர்கோவில்காரி ஒருத்தி வந்தாள். பள்ளிவாசல் கமிட்டித் தலைவருக்கு ஒரே பெருமை. "கண்டோ, எல்லா மதக்காரரும் ஒரே வாசல்ல" என்று எல்லோரிடமும் சொன்னார்.

நான் மறுக்க நினைத்தேன். இது தவறு, நான் நோயாளி, என்னால் எதுவும் ஆகாது என்று சொல்ல வேண்டும். தலையை ஆட்டினால் அடக்கம் என்றார்கள். கையை வீசினால் ஆசீர்வாதம் என்றார்கள். அழுதால் காலைத் தொட்டார்கள். மனைவி வாசலில் நின்று ஆட்களைத் திருப்பி அனுப்பிப் பார்த்தாள். அவள் தையல் கடை வேலைக்குப் போன நேரம் பார்த்து வந்தார்கள்.

அதைவிடப் பெரிய வேதனை ஒன்று இருந்தது. தொழுது முடித்ததும் கை ஏந்தி, நம் மொழியில், நம் வாயால் கேட்போமே, அது வரவில்லை. ஓத முடிந்தது. கேட்க முடியவில்லை. இறைவனுடைய வார்த்தைகளை அவனிடமே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, என் தரப்பில் ஒரு சொல் போய்ச் சேரவில்லை. உள்ளத்தில் இருப்பதை அவன் அறிவான் என்று எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். அது உண்மைதான். ஆனாலும் சத்தம் போட்டுக் கேட்க முடியாதவனின் நெஞ்சு எப்படி அடைக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு நாள் முற்பகலில் சித்தாள் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. தோளில் ஒரு பெண் குழந்தை, மூன்று வயதிருக்கும். மகள் கல்லூரிக்கும் மனைவி தையல் கடைக்கும் போயிருந்தார்கள்.

"அசரத்து ஐயா, பிள்ளைக்குச் சூடு எறங்க மாட்டேங்கு. ரெண்டு நாளா கண்ணே தொறக்கல. நீங்க ஒரு வாட்டி ஊதிவிட்டா எறங்கிரும்னு எல்லாரும் சொல்லுதாவ."

குழந்தையின் நெற்றியைத் தொட்டேன். அடுப்புக்கல் போலக் கொதித்தது. தலையைத் தூக்கப் பார்த்தேன். கழுத்து மரக்கட்டையாக விறைத்திருந்தது. அதை நான் முன்பு ஒரு முறை பார்த்திருக்கிறேன். மதரசாவில் ஒரு பையனுக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது இப்படித்தான் இருந்தது. உடனே கொண்டுபோக வேண்டும், ஊதுவதற்கு நேரமில்லை.

"ப... ப..." என்றேன். ஆஸ்பத்திரி என்ற சொல்லை எங்கெங்கோ தேடினேன். பதற்றத்தில் வாய் தானாகத் திறந்து ஓதத் தொடங்கியது. அந்தப் பெண் கண்ணை மூடிக் கும்பிட்டாள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். வாசலைக் காட்டினேன். "இன்னும் கொஞ்சம் ஓதுங்க ஐயா" என்றாள்.

வேறு வழி தெரியவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்தேன். படியில் இறங்கினோம். வலது காலை இழுத்து இழுத்து, சந்தின் முனையில் ஆட்டோக்கள் நிற்கும் இடத்துக்கு அவளைக் கொண்டுபோனேன். அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. "விடுங்க ஐயா, எங்க கூட்டிட்டுப் போறிய? விடுங்க!" என்று அலறினாள். ஒரு ஆட்டோவில் ஏற்றப் பார்த்தேன். பயந்து பின்வாங்கினாள். குழந்தையை வாங்கிக்கொண்டால் பின்னாலேயே ஏறிவிடுவாள் என்று நினைத்து இடது கையால் குழந்தையைப் பிடித்தேன்.

தாடியும் தொப்பியுமாக ஒருவன். அழுகிற ஒரு பொட்டுக்காரப் பெண். அவளிடமிருந்து குழந்தையைப் பிடுங்குகிறான். பார்த்தவர்களுக்கு அதுதான் தெரிந்தது.

"எந்தாடா? குஞ்ஞினெ விடடா!" என்று ஒரு ஆட்டோக்காரர் என் சட்டையைப் பிடித்தார். கூட்டம் கூடிவிட்டது. "யாரு நீ? எங்கோட்டு கொண்டுபோற? சொல்லு!"

சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். என் வாயிலிருந்து அரபி வந்தது. நிறுத்த நிறுத்த வந்தது. கூட்டத்தின் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே நான் ஓதினேன். சட்டையைப் பிடித்திருந்தவர் கன்னத்தில் அறைந்தார். தொப்பி போயிற்று. நான் என் கோணல் வாயைத் தொட்டுக் காட்டினேன், செத்த கையைத் தூக்கிக் காட்டினேன். யாரோ போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது குழந்தைக்கு வலிப்பு வந்தது. தாயின் தோளிலேயே உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது, வாயில் நுரை தள்ளியது. "ஐயோ, பிள்ளை!" என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். என் சட்டையைப் பிடித்திருந்த ஆட்டோக்காரர்தான் முதலில் புரிந்துகொண்டார். "சேச்சி, கேறு! வேகம் கேறு!" என்று அவளையும் குழந்தையையும் அள்ளி வண்டியில் போட்டுக்கொண்டு பறந்தார். கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கலைந்தது. நான் ஆட்டோ நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தேன். யாரோ தொப்பியை எடுத்து என் மடியில் வைத்துவிட்டுப் போனார்கள். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

குழந்தை பிழைத்தது. மூளைக்காய்ச்சல்தான். ஒரு காது கேட்காமல் போயிற்று.

படம் அன்று மாலையே எல்லா போன்களுக்கும் போய்விட்டது. குழந்தைக்கு வலிப்பு வருவதற்கு முன்பே அதை வெட்டியிருந்தார்கள். ஒரு கூட்டத்தார், பிள்ளை பிடிக்கிற முஸ்லிம் என்று எழுதி அனுப்பினார்கள். இன்னொரு கூட்டத்தார், ஓதிய குற்றத்துக்கு உஸ்தாதை அடிக்கிறார்கள் என்று எழுதி அனுப்பினார்கள். இரண்டும் பொய். இரண்டிலும் என் முகம்தான்.

மறுநாள் சில இளைஞர்கள் வீட்டுக்கு வந்தார்கள். நல்ல வீட்டுப் பிள்ளைகள், இரண்டு பேர் என்னிடம் ஓதியவர்கள். கோபத்தில் கொதித்தார்கள்.

"உஸ்தாத், நீங்க ஒண்ணும் பேசண்டா. தலையாட்டினா போதும். கேஸு கொடுப்போம், நாளைக்கே ஊர்வலம் போவோம்."

நான் தலையை இடமும் வலமும் ஆட்டினேன். "பயப்படாதீங்க உஸ்தாத்" என்றான் ஒருவன். மேலும் வேகமாக ஆட்டினேன். என் மனைவி நடுவில் வந்து நின்றாள்.

"அவரு வேண்டாங்காரு. அடிச்சவருதான் அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரில சேத்தது. அதையும் சேத்துச் சொல்லுவியளா ஊர்வலத்துல?"

இளைஞர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஊர்வலம் நடக்கவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

குழந்தையின் தாயும் வந்தாள். "நான் வேணா பேசுதேன்" என்றாள். மகள் தன் போனில் அவளைப் படம் பிடித்தாள். "ஐயா என் பிள்ளையைக் காப்பாத்தத்தான் இழுத்தாரு. எனக்குத்தான் வெளங்கல" என்று அந்தப் பெண் போனைப் பார்த்து அழுதுகொண்டே சொன்னாள். மகள் அதை எல்லோருக்கும் அனுப்பினாள். தெரிந்தவர்கள் சிலர் பார்த்தார்கள். அதற்கு மேல் அது போகவில்லை. உண்மையான படத்தை அடுத்தவருக்கு அனுப்ப யாருக்கும் கை எழவில்லை.

பேச்சு வராவிட்டாலும் பிள்ளைகளுக்கு ஓதிக் காட்டக் காலையில் மதரசாவுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். கமிட்டித் தலைவர் அடுத்த வெள்ளிக்கிழமை வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"உஸ்தாதுக்கு மேல ஒரு குறையும் இல்ல. ஆனா பிள்ளைகளோட வீட்டுக்காரங்க பேடிக்கறாங்க. கொறச்சு நாள் மதரசாப் பக்கம் வரண்டாம். எல்லாம் ஆறட்டும்."

கடந்த மாதம் வரை எல்லா மதக்காரரும் ஒரே வாசலில் என்று பெருமைப்பட்டவர் அவர். அவர் கெட்டவர் அல்ல. பயந்துவிட்டார், அவ்வளவுதான். நான் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன். என்னை மூலையில் உட்காரவாவது விடுங்கள், பிள்ளைகள் ஓதுவதைக் கேட்டுக்கொண்டாவது இருக்கிறேன் என்று கெஞ்ச வேண்டும். "வ... வ..." என்று வந்தது. "சரி சரி, உஸ்தாதுக்கு மனசிலாச்சு" என்று சொல்லி மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார். புது உஸ்தாத் ஒருவரை வைத்துவிட்டார்கள். இளைஞர், நன்றாக ஓதுகிறார்.

அதற்கப்புறம் ஒரு வருடம் பயிற்சிக்குப் போய் வந்தேன். சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. தமிழுக்கு முன்னால் மலையாளம் வந்தது. முதலில் சுத்தமாக வந்த சொல் 'மதி', போதும் என்று அர்த்தம். சோறு பரிமாறிக்கொண்டிருந்த மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எங்கூட இத்தனை காலம் பேசுன தமிழு எங்கங்க போச்சு?" என்று சிரித்துக்கொண்டே அழுதாள். இப்போது இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துப் பேசுகிறேன். இந்தக் கதையைக்கூட அப்படித்தான் உடைத்து உடைத்துச் சொல்கிறேன். மகள் எழுதி வாசிக்கிறாள். சரியென்றால் தலையாட்டுகிறேன், இல்லையென்றால் அந்த வரியை அடித்துவிடச் சொல்கிறேன். ஒரு வரிக்கு ஒரு மாலை போன நாளும் உண்டு.

போன வாரம் டாக்டரிடம் மனைவி நேராகவே கேட்டாள். "இன்னும் எவ்வளவு வரும் டாக்டர்? திரும்பப் பாடம் சொல்லிக்கொடுக்க முடியுமா?"

டாக்டர் என் ஃபைலை மூடினார். "இனி மெல்லத்தான் வரும், சேச்சி. இவ்வளவு வந்ததே நல்லது" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். எங்களுக்கு எப்படியோ இடம் கிடைத்தது. மனைவி இரண்டு நாளாக யாருடைய கல்யாணத் துணிக்கோ விடாமல் தைத்திருந்தாள். உட்கார்ந்ததும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கண்டக்டர் வந்தார்.

"எவிடேக்கா?"

கிழக்கேகோட்டை. பாதி வாழ்க்கை நான் வாழ்ந்த இடம். "கி..." என்றேன். அவர் காத்திருந்தார். "கி... கி..." பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தொண்டையில் ஓதல் வந்து முட்டி நின்றது. உதட்டைக் கடித்து அதை உள்ளேயே அடக்கினேன். கண்டக்டர் மறுபடியும் கேட்டார், இந்த முறை கொஞ்சம் உரக்க.

நான் மனைவியின் தோளைத் தட்டி எழுப்பினேன்.