கம்பளி சாக்ஸில் இரண்டு கிழங்கு

எங்கள் குடியிருப்பின் நிலவறைக்குப் புதிதாக யாராவது இறங்கினால் பயந்துவிடுவார்கள். உருளைக்கிழங்குப் பெட்டிகளுக்கும் முட்டைக்கோஸ் ஊறும் பீப்பாய்க்கும் மேலே, வரிசையாகப் பெண்களின் நைலான் காலுறைகள் தொங்கும். எல்லாம் ஜெனோனாஸின் வேலை.

ஜெனோனாஸ் முப்பது வருஷம் பானெவேஜிஸ் நகரத்துக்குப் பேருந்து ஓட்டியவர். ஓய்வுக்குப் பிறகு கிளாடியோலஸ் பூப் பைத்தியம். எங்கள் லிதுவேனியக் குளிரை அந்தப் பூக்கிழங்கு மண்ணில் தாங்காது. அதனால் உறைபனிக்கு முன்பே தோண்டிக் காயவைத்து, காற்றோட்டமாகக் காலுறையில் தொங்கவிடுவார். ஒரு காலுறைக்கு ஒரு நிறப் பூ. எழுதி ஒட்டினால் ஈரத்தில் அழிந்துபோகிறதாம். அதனால் பழைய காலுறையைக் கொடுத்தவளை வைத்துத்தான் நிறத்தை அடையாளம் வைப்பார். சிவப்பு என்றால் எங்கள் கட்டடத்து ஸ்டெஃபானியா, மஞ்சள் என்றால் நான். ஒரு வருஷம் மஞ்சள் அழுகியபோது, "டங்குவோலே, உன்னுது ஊத்திக்கிச்சு!" என்று படிக்கட்டில் நின்று கத்தினார். ஈஸ்டர் வரை அந்த மனுஷனோடு நான் பேசவில்லை.

ஆனால் அவர் உயிர் ஒரு வெள்ளைப் பூவில்தான் இருந்தது. விதையிலிருந்து ஏழு வருஷம் அவரே வளர்த்த ரகம். மிச்சம் இரண்டே கிழங்கு. அதைப் போய்த் தன் கம்பளி சாக்ஸில் தொங்கவிட்டிருந்தார். கம்பளி ஈரம் பிடிக்கும். போன குளிரில் அப்படித்தான் மூன்று போயின.

"மூணாவது மாடி எல்விராகிட்ட ஒண்ணு கேளுங்களேன்," என்றேன். எல்விரா மருந்துக்கடை நடத்தியவர், கணவரை இழந்து தனியாக இருப்பவர்.

"ஐயோ, அவங்ககிட்ட போய்க் காலுறை கேக்கிறதா?"

"என்கிட்ட மட்டும் கூசாம கேட்டீங்க!"

"நீ வேற, டங்குவோலே."

எனக்குப் புரிந்துவிட்டது. எரிச்சலாகவும் இருந்தது. மூன்று முறை மேலே ஏறினார். ஒரு முறை உப்பு வாங்கி வந்தார், ஒரு முறை ஏணி, கடைசியில் மணி கேட்டுவிட்டு இறங்கினார். பாவம், சாப்பாட்டுக்கே வழியில்லை போலிருக்கிறது என்று எல்விரா பீட்ரூட் சூப் கொடுத்தனுப்பினார்.

அந்த வாரமே முட்டைக்கோஸ் எடுக்க எல்விரா நிலவறைக்கு வந்தார். நாங்கள் இருவரும் அங்கேதான் இருந்தோம்.

"இது ஸ்டெஃபானியாவோடது, இது டங்குவோலேயோடது... கட்டடத்துல அத்தனை பேருதும் இருக்கு. என்னுது மட்டும் ஆகாதா?"

ஜெனோனாஸ் கொக்கியிலிருந்து சாக்ஸை எடுத்து நீட்டினார். "இருக்கிறதுலயே நல்லது இதுதாங்க. உங்களுதுலதான் போடணும்னு..."

எல்விரா கிழங்குகளை அமுக்கிப் பார்த்தார். ஒன்று கூழாகியிருந்தது. "இன்னும் ஒரு வாரம் வெக்கப்பட்டிருந்தா இன்னொண்ணும் போயிருக்கும்," என்று மேலே போய், பிரிக்காத புதுக் காலுறையோடு வந்தார்.

"புதுசு வேணாங்க. பழசுதான் நல்லா தொளதொளன்னு இருக்கும்," என்றார் நம் மேதாவி.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். எல்விரா பீப்பாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஆகஸ்டில் அந்த ஒற்றைக் கிழங்கு பூத்தது. அக்டோபரில் வழக்கம்போல என் பழைய காலுறையைத் துவைத்து எடுத்துக்கொண்டு ஜெனோனாஸ் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது எல்விரா.

"வேணாம் டங்குவோலே. இனிமே எல்லாத்துக்கும் என்னுதே போதும்."

எனக்குச் சந்தோஷம்தான், சத்தியமாக. ஆனால் சிவப்பும் எல்விரா, மஞ்சளும் எல்விரா என்றால், வசந்தத்தில் எது எந்த நிறம் என்று அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? போய்க் கேட்டேன். "எது பூத்தா என்ன?" என்கிறார்.