எலும்பு ஊறும் வரை

என் அத்தை டாக்டர். ஆனால் அவள் ஒருவர் நாடியைப் பிடித்தோ ஊசி போட்டோ எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. இருமல், காய்ச்சல் என்று வாசலுக்கு வருகிறவர்களை, "ஆஸ்பத்திரிக்குப் போங்க, அங்க டாக்டருங்க இருக்காங்க" என்று அவளே சொல்லி அனுப்பிவிடுவாள். பிறகு தெரு என்ன நினைக்கும்? அத்தனை படிப்பும் படித்துவிட்டு ஆஸ்பத்திரி மூலையில் மருந்து கலக்குகிறாள் என்று பேசிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் "எங்க அத்தை டாக்டரு" என்று பீற்றிக்கொண்டு திரிந்த எனக்குத்தான் மானம் போயிற்று.

உண்மையில் அவள் வேலை வேறு. நோயாளியின் உடம்பிலிருந்து வெட்டியெடுத்த துணுக்கை மெழுகில் புதைத்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இன்ன வியாதி என்று சொல்ல வேண்டும். அவள் சொன்ன பிறகுதான் மற்ற டாக்டர்கள் அறுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள். அவள் முகத்தை நோயாளி பார்ப்பதே இல்லை.

பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரை விட்டுக் கப்பலேறி நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். ஆனாலும் அறுவை செய்யும் பெரிய டாக்டரை ஊர் இன்னும் பிரெஞ்சில் 'முசியே', அதாவது ஐயா, என்றுதான் சொன்னது. நம்மூர்க்காரர்தான். தொப்பியும் கோபமும் மட்டும் பிரான்சில் வாங்கியவை.

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற அம்மாள் வைத்திக்குப்பத்துக்காரி. அவளுடைய ஒரே மகன் முழங்கால் வீங்கி, கட்டுமரம் தள்ள முடியாமல், ஆஸ்பத்திரியில் கிடந்தான். எலும்பில் புற்று மாதிரி இருக்கிறது, தொடையோடு எடுத்துவிட்டால் உயிராவது தங்கும் என்றார் முசியே. உறுதி செய்துகொள்ள எலும்பில் ஒரு துண்டு அத்தையிடம் வந்தது.

எலும்பை அப்படியே சீவ முடியாது. அமிலத்தில் ஊறி, அதிலுள்ள சுண்ணாம்பு கரைந்து, இளக வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். முசியே ஆள்மேல் ஆள் அனுப்பினார். அத்தை ஒரு ஓரத்தை மட்டும் சீவிப் பார்த்தாள். புற்று என்று சொல்ல அவளுக்கு மனம் ஒப்பவில்லை, இல்லை என்று சொல்லவும் ஆதாரம் கிடைக்கவில்லை. "முழுசா ஊறட்டும். அதுவரைக்கும் கத்தி வேணாம்" என்று சொல்லியனுப்பிவிட்டாள். புற்றாகவே இருந்துவிட்டால், அவள் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அந்தப் பையனின் உயிரைத்தான் தின்னும். அது அவளுக்குத் தெரியும். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு, சாப்பிடாமல் எழுந்துபோவாள்.

அந்த நாட்களில் ஒரு காலை, கூடையை இறக்கி வைத்ததுமே மீன்கார அம்மாள் அழ ஆரம்பித்தாள்.

"எவனோ ஒருத்தன் எம்புள்ள எலும்பப் பாட்டில்ல ஊறப்போட்டுக்கினு, பதிலே சொல்லாம குந்திகினு இருக்கானாம் டாக்டரம்மா. காலு போனா போவுது, உசுராவது நிக்கட்டும்னு நான் கெடந்து அடிச்சிக்கிறேன். அவன் கையி வெளங்காம போவ!"

என் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வாயைத் திறக்கப்போனவளை அத்தை கண்ணாலேயே அடக்கினாள். எந்தக் கை விளங்காமல் போக வேண்டுமோ அதே கையால் சங்கரா மீன்களின் செவுளைத் தூக்கிப் பார்த்து, நல்லதாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டாள்.

பள்ளி விட்டதும் நான் ஆஸ்பத்திரியில் அத்தையின் அறைக்குப் போய்விடுவது வழக்கம். அடுத்த வாரம் ஒருநாள் போனபோது அவள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி அசையாமல் இருந்தாள். திடீரென்று மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

"கெடச்சிடுச்சி! வாடி, வந்து பாரு. நீலப் புள்ளிங்க வளைஞ்சி நிக்குது பாரு, குதிரை லாடம் மாதிரி."

முக்காலியில் ஏறிப் பார்த்தேன். ரோஸ் நிறச் சேற்றுக்கு நடுவில் நீலப் புள்ளிகள் லாடம் போல நின்றன.

"இது புத்து இல்லடி. காசநோய், எலும்புல எறங்கியிருக்கு. ஊசி இருக்கு, மாத்திரை இருக்கு. காலு அவனுதுதான்!" என்று என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். டாக்டர்கள் தட்டாமாலை சுற்றுவார்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

முசியே மூச்சிரைக்கப் படியேறி வந்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடித் துண்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். அத்தை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் நிமிர்ந்து, தொப்பியைக் கழற்றினார். அதுவரை அவளைச் 'சின்னப் பொண்ணு' என்றே கூப்பிட்டு வந்தவர்.

"கத்தியெல்லாம் எடுத்து வெச்சிடச் சொல்றேன், டாக்டர்" என்றார்.

எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. தட்டியும் விட்டேன்.

மாவுக்கட்டோடு பல மாதம் கிடந்து, ஊசி மேல் ஊசியாகப் போட்டுக்கொண்டு, அந்தப் பையன் எழுந்துவிட்டான். மறுவருஷம் மாசி மகத்துக்கு அத்தை என்னை வைத்திக்குப்பம் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும் நாள் அது. மேளச் சத்தத்துக்கு நடுவே ஒரு சாமிக்குக் குடை பிடித்துக்கொண்டு அவன் வந்தான். ஒரு முழங்கால் சரியாக மடங்கவில்லை. ஆனால் இரண்டு காலும் மணலில் புதையப் புதைய நடந்து வந்தான்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு மீன்கார அம்மாள் ஓடிவந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியா டாக்டரம்மா, எம்புள்ள நடக்குறான்! எல்லாம் முசியே கைராசி. நீ வேணா பாரு, நீயும் அவராட்டம் ஒருநாளு நல்ல டாக்டரா வருவ!" என்று சொல்லி, நெற்றி நிறைய விபூதி பூசினாள்.

அத்தை தலையைக் குனிந்து பூசிக்கொண்டாள். "ஒன் வாய்முகூர்த்தம் பலிக்கட்டும்மா" என்றாள்.

"சொல்லிடு அத்தை, நீதான்னு சொல்லிடு" என்று முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவள் காதிலேயே வாங்கவில்லை. தூரத்தில் போய்க்கொண்டிருந்த அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் நான் ஆத்திரத்தில் அழுதேன். அவளோ, என் கையைப் பிடித்துக்கொண்டு, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றுகூட இல்லாமல், வாய்விட்டுச் சிரித்தபடியே நடந்தாள். இப்படி ஏமாந்துவிட்டுச் சிரிக்கிறாளே என்று, அன்றைக்கு எனக்கு அவளைப் பிடிக்கவே இல்லை.