கியோட்டோவில் உச்சிக்கொடை

முக்கூடல் பக்கத்துச் சுடலைமாடன் கோயிலில் சித்திரைதோறும் நடக்கும் கொடை விழாவில், முப்பத்திரண்டு ஆண்டுகளாக வில்லுப்பாட்டுக்கு உடுக்கை அடித்தவர் சங்கிலிபூதத்தான். மற்ற நாட்களில் வாழைத்தோட்டத்தில் கூலி வேலை. ஒருநாள் அவர் போகாவிட்டால் வாழைக்குத் தெரியாது. ஆனால் அவர் இல்லாமல் கொடை நடக்காது என்று நம்பியிருந்தார். இந்த ஆண்டு அவர் இல்லாமலே நடந்துகொண்டிருந்தது.

காரணம், ஒசாகாவில் கணினி வேலை பார்க்கும் மகள் இசக்கிச்செல்வி. அப்பாவின் உடுக்கையைக் கல்லூரித் தோழிகளிடம் மறைத்தவள், இப்போது அலுவலகத்தில் அதையே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள். அவரை வரவழைக்க விமான டிக்கெட் எடுத்தபோது விலையை மட்டும் பார்த்தாளே தவிர, கொடைத் தேதியைப் பார்க்கவில்லை.

கொடை வெள்ளியன்று அவர் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. ஊரில் இருக்கும் விரதம் இங்கேயும் தானாக வந்துவிட்டது. கோபம் என்று நினைத்துக்கொண்ட மகள், சமாதானத்துக்காகக் கியோட்டோவுக்கு அழைத்துப் போனாள். அவளோடு வேலை பார்ப்பவளின் சித்தி மோரிதா, அங்கே தன் வீட்டிலேயே மேளம் செய்கிறவர்.

பட்டறை என்பது கீழ்த்தளத்தில் ஓர் அறை. ஒரு மூலையில் துணி துவைக்கும் இயந்திரம் ஓடியது. மரச்சீவல் மேல் பூனை தூங்கியது. மோரிதா எடுத்து நீட்டிய மேளத்துக்கு உடுக்கையைப் போலவே இடை சிறுத்து, இரு முகமும் அகன்று, செம்மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. தமிழ் தெரியாத சொந்தக்காரனைப் பார்ப்பதுபோலச் சங்கிலிபூதத்தான் அதைப் பார்த்தார். நாம் தோலை வெயிலில் காட்டிக் குரல் வரவழைக்கிறோம். அந்த அம்மாளோ வாயால் ஊதி ஈரமாக்கினார். பிறகு, அடித்துப் பாருங்கள் என்றார்.

சங்கிலிபூதத்தான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். உடுக்கையைச் சும்மா அடிக்கக் கூடாது. அடித்தால் சாமியை அழைத்ததாகும். அழைத்தால் வருவார், வந்தவருக்குப் படைக்க வேண்டும். அவர் சொன்ன இத்தனையையும் மகள், அப்பாவுக்குக் கை வலி என்று மொழிபெயர்த்தாள். மோரிதா தைலம் கொண்டுவந்தார்.

சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை. ஊரில் பன்னிரண்டு, உச்சிக்கொடை தொடங்கும் நேரம். மகளின் போனை வாங்கிச் சாமியாடி கொம்பையாவைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம், இவருக்குப் பதிலாக வந்த பெருமாள்ராஜ் இவர் இடத்தில் உட்கார்ந்து உடுக்கை அடிப்பது கேட்டது. வேகம் அதிகம்.

"வே கொம்பையா, இங்கன உடுக்கு மாதிரி ஒண்ணு இருக்கு. அடிச்சா அவரு வந்துருவாரோ? படைக்க ஒண்ணும் கிடையாது."

"பயப்படாம அடியும் வே. இங்கன கிடா நிக்கு, பொங்கல் கொதிக்கு. இதெல்லாம் விட்டுட்டு உமக்காகக் கடல் தாண்டியா வரப்போறாரு?"

அனுமதி கிடைத்துவிட்டது. அதுதான் சிக்கல். வந்துவிடுவார் என்று பின்னால் போன கை, வரமாட்டார் என்றதும் முன்னால் வர மறுத்தது. போனை மகளிடம் கொடுத்தார். பிறகு கை கழுவிவிட்டு மேளத்தை வாங்கி, கயிற்றை இடக்கையால் இறுக்கி, அழைப்பை அடித்தார். ஊரில் அடிப்பதைவிடக் கூடுதலாகவே அடித்தார். பூனை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தது. படம் பிடித்துக்கொண்டிருந்த மகள் போனைத் தாழ்த்தினாள். துவைத்து முடித்த இயந்திரம் கூவி ஓய்ந்தது. வேறு யாரும் வரவில்லை.

"வந்துட்டா என்ன செய்யன்னு பயந்தேன் தாயி," என்றார் மகளிடம். "வரலியே."

மோரிதா தட்டில் தேநீரும் பயறு இனிப்பும் வைத்தார். சங்கிலிபூதத்தான் தட்டை மேளத்தின் பக்கம் திருப்பி வைத்தார். மரியாதைக்குக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, இனிப்பைத் தின்று விரதத்தை முடித்தார்.

ரயில் நிலையத்தில் மறுபடி போனைக் கேட்டு வாங்கினார்.

"அங்கன வந்தாரா வே?"

"வந்தாரு வே. நல்லா வந்தாரு."

நல்லது என்று சொல்லிப் போனைக் கொடுத்துவிட்டார். ஒசாகா வரும்வரை அவர் விரல்கள் தொடைமேல் தட்டிக்கொண்டே இருந்தன. மெதுவாக, அழைத்ததாக ஆகிவிடாத அளவுக்கு.