ஏழாம் வகுப்பில் நான் தோண்டிய குழி

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மண்ணைத் தோண்டினால் முதலில் மேலே வருவது வாசனைதான். உப்புச் சேற்றின் வாடையும், சுண்ணாம்பில் ஊறிய தோலின் வாடையும், எரிந்த கரியின் வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறி, கை கழுவிச் சோற்றில் உட்கார்ந்த பிறகும் விரல் இடுக்கில் நிற்கும். தாராவியில் கடல்நீர் ஏறி இறங்கும் கழியை எல்லோரும் “காடி” என்பார்கள். அதன் ஓரத்தில்தான் எங்கள் சந்து இருந்தது; அந்த வாடையைத் தவிர வேறொரு மண்வாசனை உலகத்தில் உண்டு என்பதே ஏழாம் வகுப்புக்கு வரும்வரை எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா தோல் கிடங்கில் வேலை பார்த்தார். முனிசிபாலிட்டியின் தமிழ்ப் பள்ளியில் எங்களுக்குப் பூகோளமும் விஞ்ஞானமும் எடுத்தவர் கமலம் டீச்சர். மாட்டுங்காவிலிருந்து பஸ்ஸில் வருவார், பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ் பேசுவார். மற்ற ஆசிரியர்கள் கேள்வியையும் பதிலையும் பலகையில் எழுதிப் போட்டு ஒப்பிக்கச் சொன்ன காலத்தில், ஒருநாள் அவர் தம்முடைய டிபன் கேரியரை மேசைமேல் வைத்து, அடுக்கு அடுக்காகக் கழற்றிக் காட்டினார். “அடியில இருக்கறதை முதல்ல வெச்சேன், மேல இருக்கறதை அப்பறம் வெச்சேன். பூமியும் இப்படித்தான்டா. ஒரு அடுக்குக்குள்ள என்ன கெடக்கறதுன்னு பார்த்தா அது எப்போ வந்ததுன்னு சொல்லிடலாம்” என்றார். பின்வரிசையில் ஒருவன், “டீச்சர், மேல் அடுக்குல இட்லி இருக்கு, அது எந்தக் காலத்தது?” என்று கேட்க, “நேத்திக்கு ராத்திரியோடது, வேணுமா?” என்று அவரும் சிரித்தார்.

அந்த வருடம் பரீட்சையையும் அவர் மாற்றினார். ஒவ்வொருவரும் தம் வீட்டருகே குழி தோண்டி, கண்ட அடுக்குகளைப் படமாக வரைய வேண்டும்; இன்ஸ்பெக்டர் வரும் நாளில் அதன் முன்னால் நின்று வாயால் விளக்க வேண்டும். படத்துக்குக் கொஞ்சம் மார்க், விளக்கத்துக்குத்தான் நிறைய. “படத்துல கதை எழுதாதே. என்ன புரிஞ்சுதோ அதை அவர்கிட்ட சொல்லு” என்றார். தலைமை ஆசிரியருக்கு இதில் இஷ்டமில்லை என்றும், டீச்சர் பிடிவாதமாக நின்று சம்மதம் வாங்கினார் என்றும் பியூன் சொல்லித்தான் தெரியும்.

நான் அப்பாவின் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இறங்கினேன். புத்தகத்துப் படத்தில் மேலே மண், நடுவில் சரளை, கீழே பாறை என்று இருந்தது. எனக்கு வந்ததோ முதலில் கரிச் சாம்பல், பிறகு உடைந்த ஓடு, பிறகு மயிரும் சுண்ணாம்பும் ஒட்டிய தோல் வெட்டுகள், கடைசியில் தண்ணீர் ஊறிய கறுப்புச் சேறும் அதில் நகம் போன்ற வெள்ளைச் சிப்பிகளும். தோல் வெட்டுகளுக்கு அடியில் பச்சை பிடித்த ஒரு வட்டம் கிடந்தது. புளி போட்டுத் தேய்த்தபோது அது நயா பைசா என்று தெரிந்தது. இன்னும் தேய்க்க, 1961 என்ற வருடமும் தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்படியானால் அதற்கு மேலே இருப்பதெல்லாம் அறுபத்தொன்றுக்குப் பிறகு வந்தது! யாரும் சொல்லாமல் நானே கண்டுபிடித்த முதல் சங்கதி அதுதான். படத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டு “காசு” என்று மட்டும் எழுதி டீச்சரிடம் கொடுத்தேன். “வருஷத்தை அன்னிக்குச் சொல்லு, காசையும் கொண்டு வா” என்று என் முதுகில் தட்டி, படத்தைச் சுவரில் முதலாவதாக மாட்டினார்.

அதே வாரம் முனிசிபாலிட்டி ஆட்கள் சங்கிலி பிடித்து எங்கள் சந்தை அளந்துவிட்டுப் போனார்கள். பழைய குடிகளை விட்டுவிடுவார்கள், புதிதாகச் சேற்றை நிரப்பி உட்கார்ந்தவர்களை எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு. முன்பு ரோட்டோரம் இருந்த குடிசைகளை இடித்தபிறகு இங்கே வந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். நிரப்புகிற மண்ணுக்கும் குப்பைக்கும் “பரணி” என்று பெயர். வேலை முடிந்து வரும்போதெல்லாம் “கமேலா” என்கிற இரும்புச் சட்டியில் பரணியைத் தலையில் சுமந்துவந்து, காடியைத் தள்ளித் தள்ளி எங்கள் அப்பாமார் செய்த தரை அது. ஆனால் சந்துக்குப் பெரியவரான அந்தோணிப் பெரியப்பா கொடுத்த மனுவில், சுதந்திரத்துக்கு முன்பிருந்தே அது கெட்டி நிலம், நாங்களும் அன்றிலிருந்தே குடியிருக்கிறோம் என்று இருந்தது.

பெரியப்பாவின் மகனும் என் வகுப்புதான். காசையும் அதன் வருடத்தையும் பற்றி அவன் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான். சாயங்காலம் பெரியப்பா வந்து வாசலில் நின்றார்.

“ஏய் சூசை, ஒன் மவன் நம்ம எல்லாரையும் திரும்பக் காடிக்குள்ள எறக்கிருவான் போலிருக்கே. சுதந்திரத்துக்கு முந்தின்னு எழுதிப் பெருவெரல உருட்டியாச்சு. இவன் குழி தோண்டிப் பாத்து அறுபத்தொண்ணுங்கான்.”

அப்பா என்னைப் பார்த்தார். “எவம்லே கேக்கப் போறான்?”

“இன்ஸ்பெக்டர்ப்பா.”

“எந்த ஆபீசு?”

“முனிசிபாலிட்டி.”

அவ்வளவுதான். பள்ளிக்கூடம் நடத்துகிற முனிசிபாலிட்டி வேறு, வீட்டை இடிக்க லாரி அனுப்புகிற முனிசிபாலிட்டி வேறு என்று எங்கள் சந்தில் யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும் தோன்றவில்லை. அம்மா மட்டும், “சின்னப் பய படத்த வச்சா வீட்டப் பிரிப்பான்?” என்றாள். அப்பா, “நாங்க பத்துப் பேரு கூடிச் சொன்னாலும் அது வெறும் பேச்சு. பள்ளிக்கூடத்துப் பிள்ள சொன்னா அது சாட்சிலே” என்றார். பிறகு கையை நீட்டிக் காசை வாங்கி, குழிக்குள் போட்டு, மண்ணைத் தள்ளி மூடி, மேலே ஏறி மிதித்தார். என்மேல் அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் படத்தைத் திரும்பக் கேட்டேன். “சுவர்ல நன்னாத்தானே இருக்கு? முதல்ல உன்னைத்தான் நிறுத்தப் போறேன்” என்றார் டீச்சர். காரணத்தை அவரிடம் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அவரும் முனிசிபாலிட்டியில் சம்பளம் வாங்குகிறவர்தானே என்று அப்போது தோன்றியது.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். வேட்டியும் கோட்டுமாக வந்தவர், என் படத்தின் முன் நின்று கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். பெற்றோர்களுக்கும் சொல்லி அனுப்பியிருந்ததால் அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“இந்த வட்டம் என்னப்பா?”

“காசு சார்.”

“எங்கே, காட்டு.”

“தொலஞ்சு போச்சு சார்.”

“எந்த வருஷத்துக் காசு?”

“பாக்கல சார்.”

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “பயப்படாதேடா, தெரிஞ்சதைச் சொல்லு” என்றார். இன்ஸ்பெக்டரும் எனக்கு உதவுவதாக நினைத்து, “சரி, சுலபமாகக் கேட்கிறேன். இந்த அடுக்குகளில் எது முந்தியது? அடியில் இருப்பதா, மேலே இருப்பதா?” என்றார்.

அதைச் சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி இந்தத் தரை எப்போது வந்தது என்பதில்தான் போய் நிற்கும் என்று எனக்குத் தெரிந்தது. வாசலைப் பார்த்தேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

“மேல இருக்கது சார்.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சர் முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது. இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை, என்னை உட்காரச் சொல்லிவிட்டு, “இதுக்குத்தான் அம்மா, எழுதிப்போட்டு ஒப்பிக்கச் சொல்லணும்கிறது. பையன் எதையோ பார்த்து வரைஞ்சிருக்கான், ஒண்ணும் விளங்கலை” என்றார். விளக்கத்துக்கு எனக்கு விழுந்தது பூஜ்யம். மற்றப் பாடங்களில் தேறியதால் எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டேன்.

எல்லோரும் போனபிறகு டீச்சர் கேட்டார்: “நேத்திக்குத் தெரிஞ்சது இன்னிக்கு எப்படிடா தெரியாமப் போகும்?” நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து அவரும் கேள்வியையும் பதிலையும் பலகையில் எழுதிப் போட்டார். டிபன் கேரியரை அதன்பிறகு மேசைக்குக் கீழேதான் வைத்தார்.

சந்தில் எனக்குக் கிடைத்த வரவேற்பு வேறு. அந்தோணிப் பெரியப்பா என்னையும் அப்பாவையும் டீக்கடைக்குக் கூட்டிப்போய், “தாராவியிலயே பரிச்சையில தப்பாச் சொன்னதுக்கு டீ வாங்கிக் குடிச்சவன் நீ ஒருத்தன்தாம்லே” என்று சிரித்தார். அப்பா தமக்கு வந்த கிளாஸைத் தொடவில்லை. வீட்டுக்கு நடக்கும்போதுதான், “சரியான பதிலு என்னதுலே?” என்று மெல்லக் கேட்டார். அடியில் இருப்பதுதான் முந்தியது என்று சொன்னேன். “அது எனக்கே தெரியுமே” என்றார். அதற்குமேல் நாங்கள் அதைப்பற்றிப் பேசியதில்லை.

நான் எஸ்.எஸ்.ஸி. முடிப்பதற்குள் சந்து முழுவதையும் இடித்து எடுத்துவிட்டார்கள். இடிக்க வந்தவர்கள் மனுவைப் படிக்கவும் இல்லை, தரைக்கு வயதென்ன என்று யாரையும் கேட்கவும் இல்லை.

இப்போது செம்பூரில் ஓர் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கிறேன். போன மாதம் ஒரு வேலையாகத் தாராவிப் பக்கம் போனபோது, எங்கள் சந்து இருந்த இடத்தில் பெரிய சாக்கடைக்காகப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். அந்த வாடையைப் பிடித்துக்கொண்டுதான் இடத்தையே கண்டுபிடித்தேன். எட்டிப் பார்த்தேன். வெட்டிய பக்கத்தில் நான் வரைந்த படம் அப்படியே இருந்தது: கறுப்புச் சேறு, தோல் வெட்டு, ஓடு, சாம்பல். சாம்பலுக்கு மேல், அன்று என் படத்தில் இல்லாத ஒன்று, ஒரு விரல் கனத்தில் சிவப்புக் கோடாக ஓடியது. இடிப்பதற்கு முந்தின வருடம் அம்மா ஆசைப்பட்டுக் காவி கலந்து போட்ட சிமெண்டுத் தரை.

அப்பாவைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனோம். கான்கிரீட் போட்டு மூடியிருந்தார்கள். “எந்த எடம்லே?” என்று கேட்டார் அப்பா. காலடியைக் காட்டினேன். அடியில் சேறு, அதற்கு மேல் அவர் சுமந்த பரணி, அதற்கு மேல் எங்கள் தரை, அதற்கு மேல் இது என்று ஒவ்வொன்றாக, வரிசை பிசகாமல் சொன்னேன். அப்பா தலையாட்டிக்கொண்டே கடைசிவரை கேட்டார்.